குபேரன் அல்ல, மீகாமன்!

குபர்நெட்டீஸ் என்ற பெயரை முதன்முதலில் காதில் வாங்குகிற தமிழனுக்குக் குபேரன் ஞாபகம் வந்தால் அவன் மேல் தப்பில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. செலவு விஷயத்தில் மட்டும் தூரத்து உறவு உண்டு. அதற்குப் பிற்பாடு வருகிறேன்.

அது கிரேக்க வார்த்தை. கப்பலில் சுக்கான் பிடிக்கிறவன் என்று அர்த்தம். பழந்தமிழில் அழகாக ‘மீகாமன்’ என்பார்கள். அதே கிரேக்க வேர் லத்தீன் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் ‘கவர்னர்’ ஆயிற்று. 1948-ல் நார்பர்ட் வீனர் என்ற அமெரிக்கக் கணித மேதை அதையே எடுத்து ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்று தன் புத்தகத்துக்குப் பேர் வைத்தார். அதன் முன்பாதி உடைந்து தனியாக உருண்டு வந்ததுதான் ‘சைபர்’. ஆக, கவர்னரும் சைபர் க்ரைம் போலீஸும் ஒரே கிரேக்கக் கப்பலில் வந்து இறங்கியவர்கள்!

‘இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம். பி.காம். படித்த உனக்கு இதில் என்ன வேலை?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் இது முழுக்க எங்கள் சப்ஜெக்ட், ஸார். பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் சரக்கு. இந்த மீகாமன் ஓட்டுகிற கப்பலில் ஏற்றியிருப்பது கன்டெய்னர். நிஜக் கன்டெய்னர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 அலுமினியப் பெட்டிகளை ஏற்றி அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டி வந்தபிறகு உள்ளே பட்டா, பருத்தியா என்று கிரேன்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி மூலை, ஒரே மாதிரி கொக்கி.

கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கு இந்தப் பாக்கியம் ரொம்ப நாள் கிடைக்கவில்லை. எழுதியவர் வீட்டில் நன்றாக ஓடும். ஆபீஸில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “எங்கிட்ட ஓடுதே ஸார்!” என்பார் எழுதியவர். அவர் வீட்டில் இருந்த ஏதோ ஒரு துணை ஃபைல் இங்கே இருக்காது. அல்லது இருக்கும், வேறு வயசில் இருக்கும்.

கல்யாண சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டா, ஜாரணி, அடுப்பு, பெருங்காய டப்பா வரை எல்லாம் அவரே வேனில் கொண்டு வந்து இறக்குவார். மண்டபம் கொடுக்க வேண்டியது இடமும் தண்ணீரும்தான். சாஃப்ட்வேர் கன்டெய்னர் அதுதான். புரோகிராமும் அதற்கு வேண்டிய சகல தட்டுமுட்டு சாமானும் ஒரே பெட்டிக்குள். மண்டபம் என்பது லினக்ஸ். ஒரே மண்டபத்தில் நாலு சமையல்காரர்கள் ஒருத்தர் அண்டாவில் ஒருத்தர் கை வைக்காமல் வேலை செய்யலாம். 2013-ல் ‘டாக்கர்’ என்ற மென்பொருள் வந்து இதை எல்லோருக்கும் சுலபமாக்கியது.

சரி, நாலு சமையல்காரர் பரவாயில்லை. நாலாயிரம் பேர், ஆயிரம் மண்டபம் என்றால்? எவர் எங்கே, எவருக்கு ஜுரம், அவருக்குப் பதில் யார் என்று பார்க்க ஒரு மேனேஜர் வேண்டும். கூகுள் கம்பெனி ‘போர்க்’ என்ற மேனேஜரைத் தனக்குள்ளேயே வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தது. அந்த அனுபவத்தில் புதிதாக ஒன்றைச் செய்து 2014-ல் ஊருக்குத் திறந்துவிட்டது. அதுதான் குபர்நெட்டீஸ். 2015 ஜூலையில் முதல் பதிப்பு வெளிவந்தது.

பிரமாதமான மேனேஜர்தான். ஆனால் சம்பளம் ஜாஸ்தி. சின்ன கம்ப்யூட்டரில் உட்காரவைத்தால் இருக்கிற இடத்தை அவரே அடைத்துக்கொள்வார். குபேர சம்பந்தம் என்றேனே, அது இது. 2019-ல் ராஞ்சர் என்ற கம்பெனி, வேண்டாத சதையை எல்லாம் இழைத்துவிட்டு ஒல்லியாக ஒன்றைக் கொடுத்தது. பெயர் கே3எஸ். ஆங்கிலத்தில் குபர்நெட்டீஸுக்குப் பத்து எழுத்து. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போக நடுவே எட்டு என்பதால் சுருக்கமாக ‘கே8எஸ்’ என்பார்கள். அதில் பாதி எடைக்கு ஐந்தெழுத்து போதும். நடுவே மூன்று, எனவே கே3எஸ். இந்தச் சுருக்கத்துக்கு விரிவே கிடையாது என்று செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். பெற்றோர் இனிஷியல் மட்டும் வைத்து, பேர் வைக்காமல் விட்ட குழந்தை!

* * *

இந்தக் குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்த காரணம் வேறு.

எங்கள் ஊரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ரத்த தானம் செய்கிறவர்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறோம். பேர், குரூப், போன் நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் ஒரு தடவை கொடுத்த ஆண் மூன்று மாதமும், பெண் நாலு மாதமும் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். ஆகவே பட்டியலில் பேர் இருந்தால் போதாது. இன்றைக்குக் கொடுக்க முடிகிற பேராக இருக்க வேண்டும். என் சித்தி பையன் கம்ப்யூட்டர் படித்தவன். இதற்கென்று ஒரு சின்ன புரோகிராம் எழுதி, ஒரு நண்பரின் மருந்துக்கடைப் பரணில் பழைய கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்தான்.

மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அந்தக் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. அன்றைக்கென்று பார்த்து ஒன்றரை மணிக்கு போன். பிரசவம். ஓ நெகட்டிவ். அந்த குரூப்காரருக்கு ஓ நெகட்டிவ்தான் ஏற்றலாம். வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாது. எங்கள் பொருளாளர் மாமா பேங்க்கில் ரிடயர் ஆனவர். கம்ப்யூட்டரை நம்பாமல் சிவப்புத் துணி பைண்டு போட்ட நோட்டில் தனியாக எழுதி வைத்திருப்பார். அதைப் பிரித்தார். முதல் பேர், இருபது நாள் முன்புதான் வெளியூரில் கொடுத்திருந்தார். புரோகிராமில் பதிவாகியிருந்தது, நோட்டில் இல்லை. இரண்டாவது பேர், பெங்களூருக்குக் குடிபோய்விட்டார். மூன்றாவது ஆள் தூக்கக் கலக்கத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு வந்தார். தாயும் சேயும் பிழைத்தார்கள். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகியிருந்தது.

கம்ப்யூட்டர் சாகலாம். அதன் சாவு இன்னொருத்தர் தலையில் விடியக் கூடாது.

“மாச வாடகைக்கு வெளியில சர்வர் எடுத்துடலாமே” என்றேன் கமிட்டியில். மாமா மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

“தம்பி, நீ பி.காம். தானே? ஒரு தடவை நன்கொடை கேட்டா கொடுப்பான். மாசாமாசம் கேட்டா கதவைச் சாத்துவான். கேபிடல் எக்ஸ்பெண்டிச்சர் வேற, ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர் வேற.”

அதோடு, எண்ணூற்றுச் சொச்சம் பேர் நம்பி ஒப்படைத்த போன் நம்பர்கள் நம் கையிலேயே இருக்கட்டும் என்றும் சில பேர் அபிப்பிராயப்பட்டார்கள். சித்தி பையன் கையைத் தூக்கினான். “மூணு பழைய பெட்டி வாங்கிக் கொடுங்க. ஒண்ணு செத்தா மத்த ரெண்டு தாங்கற மாதிரி பண்ணிடறேன்.”

* * *

வாழைத்தாரில் சீப்பு மாதிரி, பல கம்ப்யூட்டர்கள் ஒரே காம்பில் ஒட்டிக்கொண்டு வேலை செய்வதைக் ‘க்ளஸ்டர்’ என்கிறார்கள்.

அதற்கு முதல் காரியம் பெட்டி. சீட்டுக்கட்டு அளவில் ராஸ்பெர்ரி பை என்று ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கிறது. அதிலும் கே3எஸ் ஓடும். ஆனால் அதற்கு வழக்கமாகப் போடுகிற மெமரி கார்டு, ஓயாமல் எழுதினால் தேய்ந்துபோகும். மேனேஜர் ஓயாமல் எழுதுகிற ஆசாமி. அதனால் சென்னை ரிச்சி தெருவில், ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய டிபன் பாக்ஸ் சைஸ் கம்ப்யூட்டர் மூன்று வாங்கினோம். ஒவ்வொன்றிலும் 8 ஜி.பி. மெமரி, உள்ளே சுற்றாத வகை டிஸ்க்.

ஏன் மூன்று? இரண்டு போதாதா? நானும் கேட்டேன். சிக்கனம் எங்கள் ரத்தத்தில் ஊறியது.

“ரெண்டு வச்சா ஒண்ணைவிட மோசம் அண்ணா” என்றான்.

விளக்கினான். மூன்று பெட்டிக்கும் பொதுவாக ஒரு கணக்கேடு. ‘எட்சிடி’ என்று பேர். அதில் எதை எழுதுவதானாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘சரி’ சொல்ல வேண்டும். மூன்றில் பெரும்பான்மை இரண்டு. ஒன்று செத்தாலும் மிச்ச இரண்டு பேர் தீர்மானம் போடலாம். இரண்டில் பெரும்பான்மையும் இரண்டுதான். ஒருத்தர் போய்விட்டால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நாலு வைத்தால் பெரும்பான்மை மூன்று. அப்போதும் ஒன்றுதான் சாகலாம். காசு தண்டம். ஐந்து வைத்தால் இரண்டு சாகலாம்.

அடடே, இது கம்பெனி சட்டத்தில் வருகிற கோரம் அல்லவா! இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டிய ஜாயின்ட் அக்கவுன்ட்டில் ஒருத்தர் காசிக்குப் போய்விட்டால் செக் பாஸாகாது. அதேதான்.

அடுத்தது நிறுவுதல். பயந்துகொண்டிருந்தேன், இந்தப் பகுதிதான் சப்பென்று முடிந்தது. மூன்றிலும் லினக்ஸ் போட்டான். மூன்றுக்கும் வேறு வேறு பேர் வைத்தான். ஒரே பேரில் இரண்டு இருந்தால் இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளாது. ரவுட்டரில் சொல்லி ஒவ்வொன்றுக்கும் மாறாத முகவரி கொடுத்தான். தினம் வீடு மாற்றுகிறவனை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாதே!

பிறகு முதல் பெட்டியில் ஒரே ஒரு வரிக் கட்டளை. இன்டர்நெட்டிலிருந்து நூறு மெகாபைட்டுக்கும் குறைவான ஒரே ஃபைல் இறங்கி, தானே உட்கார்ந்து, தானே ஓட ஆரம்பித்தது. அந்தக் கட்டளையோடு ‘க்ளஸ்டரை நீதான் தொடங்குகிறாய்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் எட்சிடி ஏடு திறக்கும். சேர்க்காமல் விட்டால், ஒற்றைப் பெட்டி என்று எடுத்துக்கொண்டு எஸ்க்யூலைட் என்ற சின்ன ஏட்டோடு திருப்திப்பட்டுவிடும். கற்றுக்கொள்ள அது போதும்.

முதல் பெட்டி ஒரு நீளமான ரகசிய எழுத்துச் சரத்தைப் பிறப்பித்து வைத்திருக்கும். ‘டோக்கன்’ என்பார்கள். மற்ற இரண்டு பெட்டிகளுக்கும் அந்த டோக்கனையும் முதல் பெட்டியின் முகவரியையும் கொடுத்தால் வந்து சேர்ந்துகொள்கின்றன. ரேஷன் கடை டோக்கன் மாதிரி அலட்சியமாக வைக்கக் கூடாது. இது கையில் இருந்தால் எவனும் தன் கம்ப்யூட்டரை உங்கள் குடும்பத்தில் சேர்த்துவிடலாம்.

பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் சில வாசல்கள் திறந்திருக்க வேண்டும். மேனேஜரிடம் பேச 6443-ம் நம்பர் வாசல். கன்டெய்னர்கள் பெட்டி விட்டுப் பெட்டி பேச 8472. இரண்டாவது வாசல் உள்வீட்டுக்கு மட்டும். தெருவைப் பார்த்துத் திறந்து வைத்தால் திருடனுக்குக் கோலம் போட்டு வரவேற்பு கொடுத்த மாதிரி.

அரை மணி நேரம் ஆயிற்று. அதில் பத்து நிமிஷம் காபி. திரையில் மூன்று பேர், மூன்றுக்கும் நேராக ‘ரெடி’.

* * *

இனிமேல்தான் எங்கள் சப்ஜெக்ட்.

குபர்நெட்டீஸுக்கு யாரும் ‘இதைச் செய், அதைச் செய்’ என்று உத்தரவு போடுவதில்லை. ‘என்ன இருக்க வேண்டும்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். ‘ரத்தப் பட்டியல் பக்கம் இரண்டு பிரதி ஓட வேண்டும். ஒவ்வொன்றும் இவ்வளவு மெமரிக்கு மேல் தின்னக் கூடாது.’ இப்படி. அந்தத் தாளுக்கு ‘யாமல்’ என்று பேர். அதில் வரி தள்ளி எழுதுவதற்கு இடைவெளிதான் விட வேண்டும்; டேப் பட்டனை அமுக்கினால் கோபித்துக்கொள்ளும். பேரேட்டில் ரூபாய் காலத்தில் பைசாவை எழுதினால் எங்கள் புரொபசருக்கு வருகிற கோபம்.

தாளைக் கொடுத்தாயிற்று. மேனேஜர் என்ன செய்கிறார்? ஒரு பக்கம் தாளைப் பார்க்கிறார்: இரண்டு பிரதி. மறுபக்கம் நிஜத்தைப் பார்க்கிறார்: எத்தனை ஓடுகிறது? ஒன்று. வித்தியாசம் ஒன்று. உடனே இன்னொன்றைத் தொடங்குகிறார். மறுபடி பார்க்கிறார். மூன்று ஓடினால் ஒன்றை நிறுத்துகிறார். ராத்திரி பகல் இதே வேலை. வித்தியாசம் பூஜ்யமாகிற வரை விடமாட்டார்.

இது பேங்க் ரீகன்ஸிலியேஷன் ஸ்டேட்மென்ட், ஸார்! கேஷ் புக் ஒன்று சொல்கிறது, பாஸ் புக் ஒன்று சொல்கிறது, நடுவில் என்ன இடிக்கிறது என்று கண்டுபிடித்து நேர் செய்கிற அதே சமாச்சாரம். நாங்கள் மாதத்துக்கு ஒரு தடவை அழுதுகொண்டே செய்வதை இது விடாமல் செய்கிறது. கம்ப்யூட்டர் பாஷையிலும் இதற்கு ‘ரீகன்ஸிலியேஷன்’ என்றேதான் பேர். மாமாவிடம் சொன்னேன். முதல் தடவையாக அவர் முகத்தில் அந்தப் பெட்டிகள் மேல் ஒரு மரியாதை தெரிந்தது.

“அப்ப இது நம்ம ஆளுதான்னு சொல்லு.”

* * *

மரியாதை இரண்டு நாள் நீடித்தது.

மூன்றாம் நாள் சித்தி பையன் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பரீட்சை நடத்தினான். நல்ல பழக்கம். தீயணைப்பு வண்டி ஓடுமா என்று தீப்பிடிக்கிறதற்கு முன்னாலேயே பார்த்துவிடுவது உத்தமம். முதலில் ஒன்றாம் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். கொஞ்ச நேரம் பக்கம் தள்ளாடியது. ஒரு நிமிஷத்துக்குள் திரையில் அந்தப் பெட்டிக்கு நேராக ‘ரெடி இல்லை’ என்று விழுந்தது. பிறகு வேறு பெட்டியில் இருந்த இரண்டாவது பிரதி பதில் சொல்ல ஆரம்பித்தது. மேனேஜர் ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். போனவன் டீ குடிக்கத்தான் போனானோ என்று சந்தேகத்தின் பலனைக் கொடுக்கிற அவகாசம் அது. வராததால் அங்கே இருந்த பிரதிக்குப் பதில் வேறு இடத்தில் ஒன்றைத் தொடங்கினார். கைதட்டினோம்.

ஒன்றாம் பெட்டி திரும்பி வந்தது. அடுத்து இரண்டாம் பெட்டியின் ஒயர். பக்கம் திறந்தது. தலைப்பு வந்தது. தேடுகிற கட்டம் வந்தது. மாமா ‘ஓ நெகட்டிவ்’ என்று அடித்தார்.

ஒரு பேரும் வரவில்லை.

“பேர் எல்லாம் எங்கேடா?”

பேர்கள் இரண்டாம் பெட்டியின் டிஸ்க்கில் இருந்தன. பக்கத்தைக் காட்டுகிற கன்டெய்னரை எங்கே வேண்டுமானாலும் மறுபடி பிறப்பிக்கலாம். சமையல்காரர் போனால் இன்னொரு சமையல்காரர். ஆனால் பண்டங்கள் பூட்டிக் கிடக்கிற உக்கிராண அறை அந்த மண்டபத்தில் அல்லவா இருக்கிறது! கே3எஸ் தானாகக் கொடுக்கிற சேமிப்பு வசதி, எந்தப் பெட்டியில் கேட்டீர்களோ அந்தப் பெட்டியின் டிஸ்க்கிலேயே ஒரு மூலையை ஒதுக்கித் தருகிறது. பெட்டி போனால் மூலையும் போச்சு. சித்தி பையன் இதைத் தெரிந்தேதான் காட்டினான். “இதை நீங்க கண்ணால பார்க்கணும்னுதான் அண்ணா. இல்லேன்னா அடுத்த செலவுக்கு மாமா ஒத்துக்கமாட்டார்.”

க்ளஸ்டர் போடுகிறவர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். மீகாமன் ஆட்களைக் காப்பாற்றுவான். ஏட்டைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு.

ஏன் அவனே ஏட்டையும் பார்த்துக்கொள்ளக் கூடாது? நியாயமான கேள்வி. ஒரு பெட்டியிடமிருந்து பதில் வரவில்லை என்றால் அது செத்துவிட்டதா, அல்லது நெட்வொர்க் ஒயர் மட்டும் கழன்று, உள்ளே உயிரோடு எழுதிக்கொண்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. பக்கம் காட்டுகிற வேலையில் ஒருத்தருக்கு இரண்டு பேர் இருந்தால் நஷ்டமில்லை. ஒரே ஏட்டில் ஒருத்தரை ஒருத்தர் அறியாமல் இரண்டு பேர் எழுதினால்? எந்தக் கணக்கனுக்கும் வயிற்றைக் கலக்கும்.

இதற்கு மருந்து உண்டு. லாங்ஹார்ன் என்று ஒன்று. அதுவும் ராஞ்சர் வீட்டுப் பிள்ளைதான். ஏட்டை மூன்று பெட்டியிலும் பிரதி எடுத்து ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டே வரும். ஒரு பெட்டி மறைந்தால் இன்னொரு பெட்டியில் டேட்டாபேஸ் எழுந்திருக்கலாம். அப்போதும் ‘பழைய ஆள் நிஜமாகவே போய்விட்டானா’ என்று அது தயங்கி நிற்கும். அந்தத் தயக்கத்தை எப்போது விட வேண்டும் என்று நாம்தான் அமைப்பில் சொல்லி வைக்க வேண்டும். சொல்லி வைத்தான். மறுபடி ஒயரைப் பிடுங்கினான். ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. மாமா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேர்கள் வந்தன.

ராத்திரி ஒன்றரை மணிக்கு ஏழெட்டு நிமிஷம் என்பது நீளம்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

ஆனால் மூன்று பிரதி இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று நினைத்தால் ஆபத்து. கார்பன் பேப்பர் வைத்து மூன்று காப்பி எழுதும்போது தப்பாக எழுதினால் மூன்றிலும் தப்புதான் விழும். யாராவது கை தவறி நூறு பேரை அழித்தால் அதே நொடியில் மூன்று பெட்டியிலும் அழிந்துவிடும். கே3எஸ் நள்ளிரவிலும் நண்பகலிலும் எட்சிடி ஏட்டைத் தானாகவே நகல் எடுத்து, கடைசி ஐந்தை வைத்துக்கொள்கிறது. அது மேனேஜருடைய சொந்த டைரி. நம் ரத்தப் பட்டியல் அதில் இல்லை. அதனால் பட்டியலை ஆறு மணிக்கு ஒரு தடவை தனியாகப் பிரதி எடுத்து, பூட்டுப் போட்டு, வேறு வீட்டில் இருக்கிற டிஸ்க்குக்கு அனுப்பும் ஏற்பாடு செய்திருக்கிறான். மாதம் ஒரு முறை அதிலிருந்து பட்டியலை மீட்டுப் பார்க்கிறோம். மீட்டுப் பார்க்காத பேக்கப், சாவி தொலைந்த லாக்கர்.

* * *

இப்போது ஆடிட்டர் வேலை. பேலன்ஸ் ஷீட்டின் இடது பக்கம், பொறுப்புகள்.

மூன்று பெட்டி வைத்தோம் சரி. மூன்றும் ஒரே பிளக் பாயின்ட்டில்! அந்த ஃப்யூஸ் போனால் மூன்றும் சேர்ந்து மோட்சம். எனவே ஒரு பெட்டி மருந்துக்கடையில் வேறு லைனில், ஒவ்வொன்றுக்கும் தனி யு.பி.எஸ். ரவுட்டர் ஒன்றுதான், இன்டர்நெட் லைனும் ஒன்றுதான். அது அறுந்தால் உதவிக்கு ஒரு மொபைல் டாங்கிள். வெளியிலிருந்து வருகிற கேள்வி எந்தப் பெட்டியின் கதவைத் தட்டுகிறதோ அந்தப் பெட்டியே செத்துப்போகலாம். அதற்காக மூன்று பேருக்கும் பொதுவாக, உயிரோடு இருப்பவர் எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு மிதக்கும் முகவரி. இப்படி ஒவ்வொரு ஒற்றைக் கயிற்றையும் தேடிப்பிடித்து இரட்டையாக்க வேண்டும். தேடத் தேட இன்னொன்று வரும். எங்கே நிறுத்துவது என்பதைப் பர்ஸ் முடிவு செய்யும்.

மூன்று பெட்டியும் சேர்ந்து நாற்பது வாட் இழுக்கின்றன. நாளைக்கு ஒரு யூனிட். மாமா பரவாயில்லை என்றார். ஆனால் மீட்டரைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னார்.

இன்னொன்று: கே3எஸ் பெட்டிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள வைத்திருக்கிற சர்டிபிகேட்டுகளுக்கு ஆயுசு ஒரு வருஷம். முடிகிற நேரம் நெருங்கியிருக்கும்போது கே3எஸ்ஸை நிறுத்தித் தொடங்கினால் தானே புதுப்பித்துக்கொள்ளும். ‘நன்றாக ஓடுகிறதே, எதற்குத் தொட வேண்டும்’ என்று ஒரு வருஷம் கும்பிட்டுவிட்டு விட்டீர்களானால் ஒரு நாள் காலையில் மூன்று பெட்டியும் ‘நீ யாரு?’ என்று ஒன்றையொன்று கேட்கும். குபர்நெட்டீஸில் வருஷத்துக்குச் சுமார் மூன்று புதுப் பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றையும் ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான் சீராட்டுகிறார்கள். எனவே பெட்டி ஒவ்வொன்றாக நிறுத்தி, புதுப்பித்து, திரும்பத் தொடங்குகிற நாளை எஃப்.டி. ரின்யூவல் மாதிரி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். மூன்று பெட்டி இருப்பதன் நிஜமான சுகம் அன்றைக்குத்தான் தெரிகிறது. ஒன்றுக்கு லீவு கொடுத்தாலும் கடை திறந்திருக்கிறது.

எல்லோரும் வீட்டில் க்ளஸ்டர் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் கல்யாண போட்டோக்களைப் பார்க்க ஒரு பெட்டியும் ஒழுங்கான பேக்கப்பும் தாராளமாகப் போதும். அது ஒரு நாள் தூங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. கற்றுக்கொள்ளத்தான் என்றால் ஒரே பழைய பெட்டியில் கே3எஸ்ஸை ஏற்றி ஞாயிற்றுக்கிழமை பூராவும் உடைத்து விளையாடுங்கள். மூன்று பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இது ராத்திரி ஒன்றரை மணிக்கு நின்றுபோனால், தூக்கம் கெடுவது யாருக்கு?’ பதில் ‘எனக்கு மட்டும்’ என்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். பதிலில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் பிறக்கப் போகிற குழந்தையும் இருந்தால், ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறலாம்.

மாமா சிவப்பு நோட்டை விடவில்லை. இப்போது மாதம் முதல் தேதி க்ளஸ்டரிலிருந்து பட்டியலைப் பிரின்ட் எடுத்து, அதில் ஒட்டி, தன் நோட்டோடு வரிக்கு வரி டிக் அடித்து ரீகன்ஸைல் செய்கிறார். போன மாதம் நாலு வித்தியாசம் கண்டுபிடித்தார். மூன்று நோட்டின் தப்பு. ஒன்று பட்டியலின் தப்பு. அதைத் திருத்தச் சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தார்.

“உங்க நோட்டு நாலாவது பெட்டி மாமா” என்றேன்.

சித்தி பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “நாலுன்னா ஓட்டு கொடுக்க முடியாது அண்ணா, பெரும்பான்மை மூணாயிடும்.”

“ஓட்டு வேண்டாம்டா” என்றார் மாமா, நோட்டை மூடி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டே. “எனக்குக் கரண்ட்டும் வேண்டாம்.”